மையத்து வேனின் பின்பக்கம்

பதினொரு வருடங்களாகப் பள்ளிவாசலின் மையத்து வேனை, இறந்தவர்களை ஏற்றிவரும் வண்டியை, ஓட்டிவந்த ஜபருல்லா, அதன் பின்பக்கத்தில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார வேண்டிய நாள் வந்தபோது அங்கே போர்வைக்குள் கிடந்தது அவருடைய சொந்த லாத்தா, உடன்பிறந்த அக்கா ஜன்னத்.

லாத்தா கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் மகள் நூர் ஃபாத்திஹா வீட்டில் இருந்தார். அங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் புதன்கிழமை மாலை மூச்சு அடங்கியது. காகிதங்கள் கைக்கு வர மறுநாள் பகல் பன்னிரண்டாகிவிட்டது. ஜார்ஜ் டவுனில் கணவரை அடக்கிய அதே மையவாடியில்தான் தன்னையும் அடக்க வேண்டும் என்று லாத்தா பலமுறை சொல்லி வைத்திருந்தார். கடல் பாலத்தைத் தாண்டி இக்கரைக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

"இன்னிக்கு நீங்க ஓட்ட வேணாம் பாய். லாத்தாகூட பின்னால உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டான் இக்மல். பள்ளிவாசல் கமிட்டியில் அவனும் ஒருவன். ஜபருல்லாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் வேனை எடுப்பவன் அவன்தான்.

பின்பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு, எதிரே மையத்தைக் கிடத்தும் தட்டு. இரண்டு பக்கக் கண்ணாடியும் திறக்காதவை, கறுப்புத் தாள் ஒட்டியவை. ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு, அதில் முழம் அகலத்தில் ஒரு தள்ளு கண்ணாடி. ஜபருல்லாவும் ஃபாத்திஹாவும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

பாலத்தில் ஏறி இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ ஒரு லோரி கவிழ்ந்திருந்ததாம். வேன் அசையாமல் நின்ற பிறகுதான் ஜபருல்லாவுக்குப் பின்பக்கத்துச் சூடு உறைத்தது. தலைக்கு மேலிருந்த துவாரங்களிலிருந்து காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் காற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெஞ்சின் ரெக்சின் தொடையைச் சுட்டது. ஃபாத்திஹா தன் தலைத்துணியின் நுனியால் கழுத்தை ஒற்றி ஒற்றிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து விசிற ஆரம்பித்தாள். தனக்கு அல்ல, தாயின் பக்கம்.

"மாமா, ஏர்கோன் போடச் சொல்லுங்களேன். அம்மாவுக்குச் சூடு ஆகாது."

ஜபருல்லா தடுப்புக் கண்ணாடியைத் தட்டினார். இக்மல் அதைத் தள்ளித் திறந்ததும் முன்பக்கத்துக் குளிர் ஒரு கோடு போல அவர் முகத்தில் பட்டது.

"ஏர்கோன் ஃபுல்லாதான் ஓடுது பாய். எனக்கு இங்க கை வெறைக்குதுலா. கொஞ்சம் கொறைக்கலாம்னு பாத்தேன்."

"வேணாம், கொறைக்காத," என்றார் ஜபருல்லா. காரணம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஏழு வருடத்துக்கு முன்னால், நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, வேனின் ஏர்கோன் குளிரவில்லை என்று ஜெலுத்தோங்கில் பழனியப்பனின் பட்டறைக்குக் கொண்டு போயிருந்தார். பின்பக்கக் கூலிங் காயிலில் ஓட்டை, கேஸ் எல்லாம் அதன் வழியாக வெளியே போகிறது என்றார் பழனியப்பன். பழைய மாடல் என்பதால் புதுக் காயில் கோலாலம்பூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். நோன்புக் காலத்தில் நாலு நாள் வேன் இல்லாமல் இருக்க முடியாது என்றார் ஜபருல்லா. அப்படியென்றால் பின்பக்கம் போகும் பைப்பை இப்போதைக்கு அடைத்துவிடுகிறேன், முன்பக்கம் மட்டும் ஓடட்டும், காயில் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார் பழனியப்பன். சொன்னபடி கூப்பிடவும் செய்தார், இரண்டு தடவை. "அடுத்த வாரம் வர்றேன்," என்றார் ஜபருல்லா, இரண்டு தடவையும். இரண்டு பக்கத்துக்குமான குளிர் ஒரே பக்கம் வந்ததில் முன்பக்கம் முன்னைவிட ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு அந்த நினைப்பே அவருக்கு எழவில்லை. மையத்தை இறக்கப் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு முகத்தில் அடிக்கும். வெயில் என்று நினைத்துக்கொள்வார்.

ஒன்றேகால் மணி நேரம் பாலத்தில் நின்றார்கள். ஃபாத்திஹா கை மாற்றி மாற்றி விசிறினாள். ஒரு கட்டத்தில் ஜபருல்லா ஃபைலை வாங்கித் தானே விசிறினார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விசிறிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே பெஞ்சிலிருந்து ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். அன்று மையத்தாகக் கிடந்த மீரா சாகிப் என்பவருடைய மனைவி. "பாய், பின்னால கொதிக்குது," என்றாள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். "பத்து நிமிஷம் பொறுத்துக்குங்கம்மா. மையத்துக்கா ஏர்கோன்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தள்ளி மூடினார். முன்சீட்டில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. பத்து நிமிடம் என்றது, அன்றைய நெரிசலில் நாற்பது நிமிடமானது.

லாத்தாவை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள்.

மூன்றாம் நாள் ஓதி முடித்த மறுநாளே ஜபருல்லா வேனை எடுத்துக்கொண்டு பழனியப்பனிடம் போனார். பைப்பை அடைத்த கதையை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. "பின்பக்கம் குளிரல அண்ணே, என்னான்னு பாருங்க," என்று மட்டும் சொன்னார். வேறு ஏதாவது கோளாறும் இருந்துவிடாதா என்ற நப்பாசை. ஒரு ஃபியூஸ் போயிருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். இந்த வருடம் கெட்டது என்று தெரிந்தால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும்.

பழனியப்பன் முதலிலிருந்து பார்த்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பின்பக்கப் புளோவர் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டார், அதுவும் சுத்தமாக ஓடியது. கூரைத் துவாரங்களின் மூடியைக் கழற்றித் தூசு அடைத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். கேஜை மாட்டிக் கேஸ் அளவைப் பார்த்தார். கம்ப்ரஸரும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஒவ்வொன்றாக "இது ஓக்கே... இதுவும் ஓக்கே," என்று அவர் சொல்லச் சொல்ல ஜபருல்லா நாற்காலியில் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தார். கடைசியில் பழனியப்பன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். பிறகு முதுகால் நகர்ந்து வெளியே வந்து, எழுந்திருக்காமல் படுத்தபடியே அவரைப் பார்த்தார்.

"பாய், இது நான் அடைச்சதுலா."

"ஆமாண்ணே."

"காயில் வந்துச்சு. ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். பொறவு வேற எங்கயோ மாத்திட்டீங்கன்னு நெனச்சு, அத வேற வண்டிக்குப் போட்டுட்டேன்."

"கூப்பிட்டீங்க. நான்தான் வரல."

பழனியப்பன் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அப்ப இத்தன வருஷமா பின்னால உக்காந்தவங்க..." என்று ஆரம்பித்தவர், ஜபருல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, காயிலுக்கு ஆர்டர் கொடுக்கப் போனை எடுத்தார்.

புதுக் காயில் நாலு நாளில் வந்து சேர்ந்தது. பின்பக்கத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகி எட்டு டிகிரி என்று காட்டினார் பழனியப்பன். ஜபருல்லா பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் கைமுடி சிலிர்த்தது. இவ்வளவுதான் வேலை. நாலு நாள் வேனை விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கமிட்டித் தலைவர் முகம்மதுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இத்தன வருஷத்துல யாரும் கம்ப்ளெய்ன் பண்ணலையே. இப்பதான் சரி பண்ணியாச்சே, விடுங்க பாய்," என்றார். யாராவது இரண்டு வார்த்தை ஏசினால் தேவலாம் என்றிருந்தது ஜபருல்லாவுக்கு. வேன் பதிவு நோட்டைப் புரட்டி மீரா சாகிப் என்ற பெயரைத் தேடி, பக்கத்தில் இருந்த மனைவியின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்.

ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் ஒன்பதாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மேசையில் மாவுத் தட்டோடு உட்கார்ந்து கறிப்பப் பலகாரத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் அவருக்கு ஞாபகமில்லை. குரலைக் கேட்டதும் அவள்தான் என்று தெரிந்தது.

"யாரு பாய்? ஆர்டர் எடுக்கவா?"

"இல்லம்மா. நீங்க ஃபஸீலாதானே? நான் மையத்து வேன் ஓட்டுறவன், ஜபருல்லா. உங்க வீட்டுக்காரர் வஃபாத்தான அன்னிக்கு நான்தான் ஓட்டினேன்."

அவள் உட்காரச் சொன்னாள். அவர் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, பைப்பை அடைத்ததிலிருந்து தன் லாத்தாவோடு பாலத்தில் நின்றதுவரை சொன்னார். தான் சிரித்ததையும் விடவில்லை. அவள் கை மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று கறிப்பப் முடிந்து தட்டில் போய் உட்கார்ந்த பிறகு பேசினாள்.

"வேர்க்குதுன்னு நெனச்சிட்டேன் பாய்."

"உங்களுக்கா?"

"அவங்களுக்கு. மொகத்துத் துணிய வெலக்கிப் பாத்தேன். நெத்தியில, மூக்கு மேல, முத்து முத்தா தண்ணி. மௌத்தானவங்களுக்கு வேர்க்குமா? உசுரு இருக்குன்னு நெனச்சிட்டேன். அதுக்குத்தான் கண்ணாடியத் தட்டினேன். உசுரு இருக்குன்னு சொல்ல வாய் வரல, பைத்தியம்னு சொல்லிடுவீங்கன்னு பயம். கொதிக்குதுன்னு மட்டும் சொன்னேன். நிப்பாட்டி வந்து பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"அது வேர்வை இல்லம்மா," என்றார் ஜபருல்லா. "ஆஸ்பத்திரி ஐஸ் ரூம்ல ராத்திரி பூரா இருந்த ஒடம்பு. சூட்டுக்கு வந்ததும் மேல தண்ணி கோத்துக்கும். ஐஸ் போட்ட கிளாஸ் மேல நிக்குமே, அந்த மாதிரி..."

"தெரியும் பாய். கிளினிக்ல ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. ஒன்னரை வருஷம் கழிச்சுதான் கேக்கத் தைரியம் வந்துச்சு."

"ஒன்னரை வருஷமா?"

"குளிப்பாட்டுற எடத்துல எல்லாம் ஆம்பளைங்க. யாருகிட்டப் போயி கேக்க? மண்ணுக்குள்ள முழிச்சுப் பாத்திருப்பாங்களோன்னு படுத்தா அதே நெனப்பு." அவள் அடுத்த உருண்டையை எடுத்துத் தட்டினாள். "நீங்க மையத்துக்கா ஏர்கோன்னு கேட்டீங்கல்ல? அதக் கேட்டதும் துணிய இழுத்து மூடிட்டேன். பொறவு பாக்கவே இல்ல."

சிந்திய சொல்லை அள்ள முடியாது என்று ஜபருல்லா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். இன்று அவர் பார்வை தரையைவிட்டு எழவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிக்கிறதுக்கு என்னா இருக்கு பாய். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஃபஸீலா. குரலில் கோபம் இல்லை. "ஒரு வாட்டி நிப்பாட்டி வந்து பாத்திருக்கலாம். அவ்ளோதான்."

கிளம்பும்போது சூடாகப் பொரித்த கறிப்பப்பில் ஆறைப் பையில் போட்டு நீட்டினாள். மறுத்தால் அது இன்னொரு தப்பாகிவிடும் என்று வாங்கிக்கொண்டார். லிஃப்டில் இறங்கும்போது பை கையில் சுட்டது. வீட்டில் அதை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவரால் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகு ஜபருல்லா வேனை ஓட்டவில்லை. சாவியை இக்மலிடம் கொடுத்து, "இனிமே நான் பின்னால வர்றேன்," என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு பெரியவரின் மையத்தை எடுக்கப் போனார்கள். கூட ஏறியது சாஹித் என்ற மகன் மட்டும், முப்பது வயது இருக்கும். வேன் நகர்ந்ததும் ஜபருல்லா துவாரத்தின் கீழே கையை வைத்துப் பார்த்தார். நல்ல குளிர். பிறகு அவனிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அத்தாவோட மொகத்தைப் பாக்கணும்னு தோணிச்சுன்னா பாருங்க. தண்ணி கோத்திருந்தா பயப்படாதீங்க. ஐஸ் ரூம்லேர்ந்து வந்ததால அப்படி. என்னா கேக்கணும்னாலும் கேளுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

சாஹித் தலையசைத்தான். துணியை விலக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. தகப்பனின் காலருகே கையை வைத்துக்கொண்டு வழி முழுக்கக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்திருந்தான். வேன் பள்ளிவாசல் வாசலில் திரும்பியபோதுதான், "குளிரா இருக்கு, கொஞ்சம் கொறைக்க முடியுமா?" என்றான். ஜபருல்லா தடுப்புக் கண்ணாடியைத் தட்டினார். இக்மல் உடனே வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, திரும்பி, "என்னா பாய்?" என்று கேட்டான்.