சிரித்த முகமாக ஒரு போட்டோ

"ரோஷினிக்கா, தனியா ஒரு போட்டோ எடுக்கணும். கொஞ்சம் சிரிங்க லா," என்றாள் மேக்கப் போடும் உம்மு சல்மா.

தொலைக்காட்சித் தொடரில் நடிப்பவர்களிடம் மார்பளவில், சிரித்த முகமாக, தனிப் போட்டோ கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சீக்கிரமே அது மாலையோடு சுவரில் தொங்கும். எதற்கு என்று கேட்டேன். "தெரியலக்கா, எடுக்கச் சொன்னாங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வருஷமாக இந்தச் சிங்கப்பூர்த் தொடரில் நான் அக்கா, அனுப்ரியா தங்கை. இதை நம்பித்தான் கையிலிருந்த ஆபீஸ் வேலையையும் விட்டேன். கதையில் யாரோ சாகப்போகிறார்கள் என்று செட்டில் பேச்சு அடிபட்டதிலிருந்தே அனு சரியில்லை. கிளமெண்டியில் ஷூட்டிங்குக்கு எடுத்திருக்கும் வீட்டில் என் தட்டிலேயே கைவைத்துச் சாப்பிடுகிறவள், இப்போது டயட் என்று ஒதுங்குகிறாள். டைரக்டர் யாசரோடு லிஃப்ட் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசுகிறாள். நான் போனால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். மழையாம்! வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மறுநாள் வளையல் வாங்க லிட்டில் இந்தியா போனேன். கேம்பல் லேன் பூக்கடையில் அனு நின்றிருந்தாள். சாமிக்கு வாங்குகிறாள் என்று நினைத்துப் பேசாமல் நகர்ந்திருப்பேன். ஆனால் அவள் கையை விரித்து அளவு காட்டி, "போட்டோ ஃப்ரேமுக்குப் போடற மாதிரிண்ணே," என்றது காதில் விழுந்தது.

பின்னால் போய் நின்றேன். "யாருக்குடி மாலை?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... நாளைக்கு செட்ல பிளாஸ்டிக் மாலைதான் போடப்போறாங்களாம். உங்களுக்குப் போய் பிளாஸ்டிக்கா? அதான் நானே வாங்கலாம்னு..."

அப்படியானால் சாகப்போவது நான்தான்.

"முடிவு பண்ணது யாரு?"

அவள் பூக்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நம்ம ரெண்டு பேர்ல யார் செத்தா சீன் நல்லா வரும்னு யாசர் சார் என்கிட்ட கேட்டாரு. நீங்க செத்தா எனக்கு கிளிசரினே வேணாம், தானா அழுகை வரும்னு சொல்லிட்டேன். பொய் சொல்லலக்கா." அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

பூக்கடைக்காரருக்கு எங்கள் கதை தெரியாது. "மல்லியா, ரோஜாவாம்மா?" என்று கேட்டார்.

"ரோஜா," என்றேன் நான். பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "அழுகைய நிறுத்துடி. எல்லாத்தையும் இங்கயே கொட்டிட்டா நாளைக்கு எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?"