புக்கிட் செந்தோசாவிலிருந்து ஒருவன்

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே எழுதும் தொழிற்சாலைக் கணக்கைத் தொடரலாம் என்று சந்திரிகா வந்தபோது மடிக்கணினியின் திரை முழுக்கச் சிவந்து கிடந்தது. அதிலிருந்து ஓர் ஆணின் குரல் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசியது. உங்கள் கணினிக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். கீழே ஒரு தொலைபேசி எண். அதற்கும் கீழே, நுழைந்தவர் இருக்கும் இடம்: புக்கிட் செந்தோசா.

அவள் வீடும் புக்கிட் செந்தோசாவில்தான்.

கணவன் வாசு லோரியோடு ஜொகூர் போயிருந்தான். போனில் கூப்பிட்டாள்.

"எதையும் தொடாத. அந்த நம்பருக்கு அடிக்காத. நாளைக்கு வந்து பாக்குறேன்லா," என்றான்.

அவள் தொடவில்லை. குரலும் ஓயவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது, மூச்சே விடாமல். நெற்றிப் பொட்டைப் பிய்த்துக் கேமராவின்மேல் ஒட்டினாள். சன்னல் துணியை விலக்கிப் பார்த்தாள். எதிர்வீட்டு உமாபதி தன் கேட்டருகே, கையில் போனுடன், இவள் வீட்டையே பார்த்தபடி நின்றான்.

போன மாதம் இவர்கள் வீட்டு வைஃபையைச் சரிசெய்து கொடுத்தவன் அவன்தான். கடவுச்சொல் அவனுக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் அவன் இவள் கேட்டைத் தட்டினான். "அக்கா! உள்ள இருக்கீங்களா?"

சந்திரிகா குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கூடத்தில் அந்தக் குரல் அவனுக்குப் பதில் சொல்வதுபோலப் பேசிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரம், பேட்டரி தீர்ந்து, ஒரு வார்த்தையின் பாதியில் அறுந்தது. உமாபதி அப்போதும் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் வாசு மடிக்கணினியோடு அவளை ராவாங்கில் ஒரு கணினிக் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் ரவீந்திரன் அதிலிருந்த முகவரியைப் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தன் கணினியில் திறந்தார். அதே சிவப்பு, அதே குரல். இடம் மட்டும் ராவாங் என்றிருந்தது.

"பொய் எச்சரிக்கைம்மா. யாரு தொறந்தாலும் அவங்க ஊரையே காட்டும். பயந்துபோய் அந்த நம்பருக்கு அடிச்சாத்தான் மாட்டுவோம். உள்ள ஒருத்தனும் வரல."

வீடு திரும்பியதும் உமாபதி ஓடிவந்தான்.

"அக்கா, ஒண்ணும் இல்லியே? நேத்து உள்ள யாரோ ஆம்பள பேசிக்கிட்டே இருந்தான். கூப்பிட்டா உங்க சத்தமே வரல. போலீசுக்கு அடிக்கலாமான்னு போன கையில வச்சுக்கிட்டே நின்னேன். நீங்க லைட்டு போட்டப்புறம்தான் உள்ள போனேன்லா."

சந்திரிகாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உள்ள வாங்க தம்பி," என்றான் வாசு.

அவள் தேநீர் கலக்கப் போனாள். கூடத்தில் ஆண்குரல்கள் எழுந்தன. கரண்டியைப் பிடித்தபடி, அவை இரண்டுதானா என்று நெடுநேரம் காதுகொடுத்து நின்றாள்.