வல்லினம் தேய்ந்த வருஷம்

கடைசல்காரர் பேசுவதற்கு நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று தேவைப்பட்டது. ஏழாயிரத்துக்குக் கீழே போனால் வாய் அசையும், சத்தம் வராது. பத்தாயிரத்தைத் தாண்டினால் வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மனைவிக்கே பிடிபடாது. சுற்றியது அவரல்ல, அவருடைய மாடல் விமானத்தின் இன்ஜின். உள்ளங்கைக்குள் அடங்குகிற, இரண்டரை சிசி டீசல். பம்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் லேத்தில் இரும்பைக் கடைந்துவிட்டு ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் ஆறு மாதத்தில் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. எழுதச் சொன்னால் கோடு கோடாக இழுத்தார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். எது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை என்பதை அவர் கண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

பதினான்காம் மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு மைதானத்தில் விமானம் விட்டுவந்த ரேடியோக்காரர் வந்தார். நண்பரின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்க்கலாமென்று அலமாரியிலிருந்த இன்ஜினை எடுத்துப் பின்வாசல் மேஜையில் திருகிப் பொருத்தி, ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, விசிறியை விரலால் தட்டினார். நாலாவது தட்டில் பிடித்துக்கொண்டது. "ஊசியை அரைச் சுத்து மூடுப்பா, எண்ணெயைக் குடிச்சுட்டு ஓடுது" என்றார் கடைசல்காரர். ரேடியோக்காரர் மூடினார். மூடிய பிறகுதான் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மடிப்பைக் கீழே வைக்காமலேயே வந்து, பீரோ சாவி எங்கே என்று கேட்டாள். பதினான்கு மாதமாக அந்த பீரோ பூட்டியே கிடந்தது. "மேல் தட்டுல, பழைய காலண்டருக்குப்" என்பது வரைக்கும் சொன்னார், எண்ணெய் தீர்ந்தது. மறுபடி ஊற்றித் தட்டியதும் "பின்னாடி" என்று முடித்தார்.

அதிலிருந்து நாளுக்கு இரண்டு டேங்க். காலையில் ஒன்று, விளக்கு வைப்பதற்கு முன் ஒன்று, ஒவ்வொன்றும் நாலு நிமிஷம். டாக்டர் ஒருமுறை வந்து நின்று கேட்டுவிட்டு, சீட்டில் 'தொடரவும்' என்று எழுதிக் கொடுத்தார். ஓய்வூதிய ஆபீஸ்காரர் இவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வேண்டும் என்று வந்தவர், காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக் கையெழுத்துப் போட்டார். மாடிவீட்டு டீச்சர் அந்த நாலு நிமிஷம் மட்டும் ட்யூஷனை நிறுத்திவைப்பார். கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் "சாப்பாடு ஆச்சா", "வரேன்" என்ற இரண்டோடு காலத்தை ஓட்டியிருந்த மனிதர், நாலு நிமிஷம்தான் என்று ஆனபிறகு ஒரு வார்த்தையைக்கூட வீணாக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று எதைப் பார்த்துச் சரியென்றார் என்பதை மனைவி அந்த இன்ஜின் சத்தத்தில்தான் முதன்முதலாகக் கேட்டாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷம் லென்ஸ் தேய்த்தவள். தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். கேட்டதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

நாலாம் வருஷம் வல்லினம் தேய ஆரம்பித்தது. முதலில் அவர் தண்ணி கேட்டார். "அண்ணி" என்று வந்தது. "எந்த அண்ணி? உங்க அண்ணன்தான் கல்யாணமே பண்ணிக்கலையே" என்றாள் மனைவி. அவர் கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனபிறகுதான் விளங்கியது. அடுத்த வாரம் கால் வலி "ஆல் வலி" ஆனது, சளி "அளி" ஆனது. மெல்லினமும் இடையினமும் பத்திரமாக இருந்தன. அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்தெல்லாம் புகைந்து போயின. இன்ஜினும் சூடாக இருக்கும்போது பிடிக்க மறுத்தது, நாலு தட்டு நாற்பது தட்டானது, அடியில் கறுப்பு எண்ணெய் வழிந்தது. ரேடியோக்காரர் அதைப் பிரித்துப் பார்த்தார். "அழுத்தமே நிக்கலக்கா. பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்குற ஸ்லீவுக்கும் நடுவுல இடம் விழுந்துடுச்சு, கேஸ் எல்லாம் கீழ ஓடுது. இதைச் செஞ்ச கம்பெனி மூடியே இருபது வருஷம் ஆச்சு, ஜோடி எங்கயும் கிடைக்காது" என்றார்.

தன்னுடைய இன்ஜினைத் தந்துவிடுகிறேன் என்று அவரே சொன்னார். சொன்னபடி மறுநாளே கொண்டுவந்து முடுக்கினார். கடைசல்காரருக்கு எல்லா எழுத்தும் கணீரென்று வந்தன. "உங்க அக்கா வீட்டுக்கு வரமாட்டேன்னா வரமாட்டேன்தான். போன தடவை என் வழுக்கையைப் பத்தி எல்லார் முன்னாலயும் என்ன சொன்னா? நீயும் சேர்ந்துதானே சிரிச்சே" என்று ஆரம்பித்து விடாமல் பொரிந்தார். கடைசல்காரருக்குத் தலை நிறைய முடி. கண்ணாடிக்காரிக்கு அக்காவே கிடையாது. ரேடியோக்காரர் காது சிவக்கக் காற்று போகிற வாயை விரலால் அடைத்து இன்ஜினை அணைத்தார், துணியில் சுற்றினார், டீகூடக் குடிக்காமல் போனார். ஆக வேறு இன்ஜினில் வேறு ஆளின் பேச்சுதான் வரும் என்பது தெளிவாயிற்று. இவருடைய பேச்சு இந்த பிஸ்டனுக்கும் இந்த ஸ்லீவுக்கும் நடுவில்தான் இருந்தது.

தானே சரிசெய்வது என்று கண்ணாடிக்காரி அன்றைக்கே முடிவெடுத்தாள். வெளியூரிலிருந்த மகள் போனில் பதறினாள். "அம்மா, நீ தேய்ச்சது கண்ணாடி. இது இன்ஜின். கெடுத்துட்டா அப்பா குரலே போயிடும்."

"சும்மா விட்டாலும் போகத்தான் போகுது. தேய்க்கிற கைக்குக் கண்ணாடி என்ன, இரும்பு என்ன? போனை வை, எனக்கு வேலை இருக்கு."

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன். இன்ஜின் ஓடினால்தான் அவர் சொல்லித் தர முடியும். இன்ஜினைப் பிரித்துவிட்டால் அவர் ஊமை. ஆகவே பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட வேண்டும், அதுவும் பாதி எழுத்து இல்லாத பேச்சில். இருபத்திரண்டு டேங்க் ஆனது. நோட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வாள், பகலெல்லாம் உட்கார்ந்து வல்லினத்தை நிரப்புவாள், சாயங்காலம் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். சரியென்றால் "ம்" என்பார். தப்பென்றால் "இல்ல" என்பார். இரண்டிலும் வல்லினம் இல்லாதது அவள் அதிர்ஷ்டம். இப்படித்தான் அவள் தெரிந்துகொண்டாள்: ஸ்லீவை முதலில் தேய்த்து நேராக்க வேண்டும், மேலே இறுக்கமும் கீழே தளர்வுமாக, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில். அப்போது பிஸ்டன் அதற்கு இன்னும் சின்னதாகிப்போகும். பிஸ்டனின் வார்ப்பிரும்பைச் செக்கச் செவேலென்று காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் அது துளி வளரும், ஆறிய பிறகும் சுருங்காது. பலமுறை காய்ச்சினால் போதுமான அளவு வளரும். பிறகு அதை ஸ்லீவுக்குத் தக்கபடி தேய்த்து இறக்க வேண்டும். எது வந்தாலும் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டுத் தேய்க்கக் கூடாது. இந்தக் கடைசியை அவர் நாலு டேங்கில் நாலு தடவை சொன்னார்.

பிரித்த நாளிலிருந்து வீடு அமைதியானது. டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ட்யூஷனைத் தொடர்ந்தார். தொழிற்சாலையின் பழைய கூட்டாளி ஒருவர் ஸ்லீவுக்குள் போகிற மாதிரி அலுமினியக் கம்பி கடைந்து கொடுத்தார். மாவைவிட மெல்லிய தேய்ப்புப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, அவள் ஸ்லீவை அதன்மேல் போட்டுத் திருகித் திருகி ஏற்றி இறக்கினாள். பத்து தடவைக்கு ஒருமுறை கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் பார்வைக்காகத் தேய்த்த கை, எங்கே மேடு எங்கே பள்ளம் என்பது அதற்குத் தெரியும். ஆறாம் நாள் உள்பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறமானது. பிஸ்டனை மட்டும் தனியாகக் கழற்றி அடுப்பில் காய்ச்சி, மணலில் புதைத்து ஆறவிட்டாள். மைக்ரோமீட்டரில் அசைவே தெரியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. நாலாவதில் அரைக்கோடு கூடியது. ஏழாவதில் போதும் என்று தோன்றியது. நோட்டில் எட்டு என்று இருந்ததால் எட்டாவதும் காய்ச்சினாள்.

பதினைந்தாம் நாள் அவசரப்பட்டுவிட்டாள். இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டிய பிஸ்டனை எண்ணெயில்லாமல் ஸ்லீவுக்குள் விட்டுப் பார்த்தாள். முக்கால்வாசி ஏறி அங்கேயே கடித்துக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. தட்டினால் கீறல் விழும், கீறல் விழுந்தால் பதினைந்து நாளும் போச்சு, அவர் குரலும் போச்சு. நோட்டைப் புரட்டினாள், இதற்கு அதில் ஒன்றுமில்லை. நாற்காலியில் இருந்தவர் இடது கையால் காற்றைப் பிசைந்துகொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், தொண்டையில் காற்றுதான் வந்தது. அவள் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை என்று பிறகு மகளிடம் சொன்னாள். பிரேமில் மாட்டிக்கொண்ட லென்ஸைக் கடையில் எப்படி எடுப்பாள் என்று யோசித்தாள். பிரேமை மட்டும் சூடு காட்டுவாள், அது விரிந்து கொடுக்கும். பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, பிஸ்டனின் அடிப்பக்கம் நனையாமல், ஸ்லீவின் மேல்பாதியை மட்டும் முக்கி முப்பது எண்ணினாள். விரலால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்து கையில் விழுந்தது. கீறல் இல்லை.

அதற்குப் பிறகு அவள் தன் ஆசையை நம்பவில்லை. தேய்ப்பாள், கழுவுவாள், இரண்டையும் கொண்டுபோய்ப் புருஷனின் இடது கையில் வைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் பிஸ்டனைத் தள்ளிப் பார்ப்பார். முதல் நாள், இன்னும் தேய்க்கணும் என்பதுபோல் அதை எடுத்துத் தேய்ப்புத் தட்டின்மேல் திருப்பி வைத்தார். மறுநாளும் தட்டின்மேலேயே வைத்தார். மூன்றாம் நாள் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையின்மேல் கையை வைத்துக்கொண்டார். கொடுங்க, மாட்டணும் என்று அவள் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை, ரேடியோக்காரர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவருக்குள்ளும் சமாதானமாகியிருந்தது போலிருந்தது. ரேடியோக்காரர் தட்டுவதற்கு விரலை நீட்டினார். "நானே தட்டுறேன்" என்றாள் கண்ணாடிக்காரி. விசிறியைத் திருப்பினால் உச்சியில் விரலை எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது தட்டில் பிடித்தது. கடைசல்காரர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ட்டைட்டா விட்டுட்டே" என்றார். "க்கொஞ்சம் ட்டைட்டு."

வல்லினம் அத்தனையும் திரும்பிவிட்டன, தேவைக்கு மேலேயே அழுத்தமாக. ரேடியோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "எட்டுத் தடவை காய்ச்சச் சொன்னது யாரு? நீங்க. ரெண்டு நாள் திருப்பித் தட்டுல வச்சது யாரு? நீங்க. இப்ப டைட்டா?"

"நான் ச்சொன்னது வேற, நீ ப்படிச்சது வேற. நோட்டை எடு, க்காட்டுறேன். அதுல ப்பத்தாவது ப்பக்கத்துல—"

புது ஜோடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓட்டிப் பழக்க வேண்டும், ஒரு தடவைக்கு அரை டேங்க்தான், பிறகு ஆறவிட வேண்டும் என்று அவளுடைய எழுத்திலேயே நோட்டில் இருந்தது. அரை டேங்க் தீர்ந்தது. அவர் பாதி வார்த்தையோடு, விரலை நீட்டியபடி நின்றுபோனார். அவள் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டாள், நிதானமாக ஆற்றினாள், கொடுத்தாள், தானும் குடித்தாள். இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிவிட்டது என்று தெரிந்ததும் எண்ணெயை ஊற்றினாள்.

"பத்தாவது பக்கத்துல ஒண்ணுமில்ல. பார்த்துட்டேன். இப்பச் சொல்லுங்க" என்று விசிறியைத் தட்டினாள். மாடியில் டீச்சர் பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொன்னார்.