ஆளில்லாத வீட்டுக்குத் தள்ளுபடி

போட்ட கோலத்தைத் தானே தண்ணீர் ஊற்றித் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள் கருப்பாயி. கைப்பழக்கத்தில் போட்டுவிட்டாள்; போட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்காரம்மா சாந்தம்மா நேற்றுச் சொன்னது உறைத்தது. கொடியில் கிடந்த புருஷனின் காக்கிச் சட்டையை உருவினாள். செருப்பு, குடம், குழந்தையின் நடைவண்டி எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். குடித்தனம் நடத்துவதைவிட, நடத்தவில்லை என்று காட்டுவது பெரிய வேலையாக இருந்தது.

மத்திகிரியில் சாந்தம்மாவுக்கு ஒரு லைன் வீடு. ஒரே கூரை, வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கக்கூஸ். குடியிருப்பதெல்லாம் கம்பெனி வேலைக்குப் போகிற சனம். வீட்டுவரி ஏறியதிலிருந்து சாந்தம்மாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நேற்று கருப்பாயியிடம் வந்து புலம்பினாள்.

"ஏழைபாழைங்க இருக்கற வீடு சார், கொஞ்சம் கொறைச்சுப் போடுங்கன்னு வரி ஆபீஸ்ல கேட்டேன். அதுக்கெல்லாம் தள்ளுபடி கிடையாதாம். ஆளே இல்லாம காலியா கெடந்தாத்தான் பாதி வரி தள்ளுபடியாம். என்னா நியாயமோ, அய்யோ கடவுளே! அதான் மூணு வீடு காலின்னு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்குப் பார்க்க வர்றாங்க. மத்த ரெண்டு வீட்லயும் டூட்டிக்குப் போயிடுவாங்க. நீயும் எங்கியாவது போயிடு. வரி கொறையலைன்னா வாடகையத்தான் ஏத்தணும், அப்புறம் என்னைத் திட்டாத."

கருப்பாயி எங்கே போவாள்? மகள் ஸ்வாதிக்குக் காய்ச்சல். நைட் ஷிப்ட் முடித்து வந்த பரமசிவம் பாயில் விழுந்து கிடந்தான்.

"சரி, உள்ளயே இருங்க. மூச்சு விடக் கூடாது" என்று வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் சாந்தம்மா.

வெயில் ஏற ஏற, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறை வெந்தது. ஸ்டவ்வைப் பற்ற வைக்க முடியாது. மண்ணெண்ணெய் வாடை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்வாதி முனகும்போதெல்லாம் கருப்பாயி மாரோடு அணைத்து முதுகைத் தட்டினாள். மாசாமாசம் வாடகையும் கொடுத்துவிட்டுத் திருடி மாதிரி ஒளிந்துகொண்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது.

"இந்த வீட்ல யாரும் இல்லீங்களா?"

"காலிங்க சார். ரொம்ப நாளா பூட்டித்தான் கெடக்குது." சாந்தம்மாவின் குரலில் என்றுமில்லாத பணிவு.

"காலியா? பரமசிவம்னு ஒருத்தர் இந்தக் கதவு நம்பரப் போட்டுத்தானே ரேஷன் கார்டு கேட்டிருக்காரு?"

கருப்பாயி கதவில் காதை வைத்தாள். அடப் பாவமே, வந்தவர் வரிக்காரரே இல்லை! ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வந்தவர். போன தடவை இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தோடு அந்த மனு செத்தது. கார்டு வந்தால் ரெண்டு ரூபாய் அரிசி. வராவிட்டால் கடை அரிசிதான். மாசக் கடைசியில் அதுவும் கஞ்சியாகிவிடும்.

வெளியே சாந்தம்மா தடுமாறினாள். "பரமசிவமா? அவங்க... காலி பண்ணிட்டு ஊருக்கே போயிட்டாங்க சார்."

"அப்ப ஆள் இல்லைன்னு எழுதிடறேன்."

மொபெட்டைக் கிளப்பும் சத்தம் கேட்டது. கருப்பாயி எழுந்தாள். பரமசிவம் விழித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாயத் தொறக்காத புள்ள. வீடு போயிரும்" என்று கிசுகிசுத்தான்.

"வீடு போனா வேற வீடு பாப்போம். கார்டு போனா எம்புள்ளைக்கு எவன் சோறு போடுவான்? கைய விடுங்க!"

உதறிக்கொண்டு கதவைப் படபடவென்று தட்டினாள். "சார்! போயிராதீங்க சார்! உள்ளதான் இருக்கோம்! பரமசிவம் சம்சாரம் நான்தான் சார்!"

மொபெட் சத்தம் நின்றது. பிறகு பூட்டில் சாவி திரும்பியது.

வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வியர்வையில் நனைந்து நின்ற மூன்று பேரையும் பார்த்தார். "உள்ள ஆள வெச்சா பூட்டுவீங்க?" என்று கேட்டார். சாந்தம்மா சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பரமசிவத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கார்டு வந்துரும்மா. இதே அட்ரஸ்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருவைத் தாண்டும்வரைதான் சாந்தம்மா பொறுத்தாள்.

"என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடி! உனக்கு மட்டுந்தான் வயிறா? எங்க வீட்டுக்காரரு செத்தப்புறம் எனக்கும் இந்த வாடகைதான் கஞ்சி. வரிக்காரங்க வர்றதுக்குள்ள சாமானத் தூக்கு. நீ திரும்பவும் கத்த மாட்டேன்னு நான் எப்பிடி நம்பறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்.

கருப்பாயி கெஞ்சிப் பார்த்தாள். குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சாந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரிக்காரர் வந்தபோது, எதிரே புங்கமரத்தடியில் பாய்ச்சுருளும் ஸ்டவ்வும் நடைவண்டியும் கிடந்தன. பரமசிவம் வேறு வீடு தேடிப் போயிருந்தான். கருப்பாயி ஸ்வாதியை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தம்மா கதவை விரியத் திறந்துவிட்டாள். அறையில் ஒரு துரும்பு இல்லை.

"காலிதான்" என்று எழுதிக்கொண்டவர், மரத்தடியைக் காட்டி, "அவங்க யாரு?" என்றார்.

சாந்தம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "வாடகைக்கு வீடு கேட்டு வந்தவங்க சார்."

"சும்மாத்தானே கெடக்குது, குடுக்கறதுதானே?"

சாந்தம்மா கதவைப் பூட்டினாள். வாசலில் ஈரம் காய்ந்து, காலையில் கருப்பாயி அழித்த கோலம் மங்கலாக மறுபடி தெரிந்தது. வரிக்காரர் அதை மிதித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.