நரிவால் பாமின் ஒற்றைக் குருத்து

இலங்கையின் கலவானை டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், இப்போது சுற்றுலா விடுதியாக மாறிவிட்ட பழைய துரை பங்களாவின் வாசலில், கிருஷ்ணகுமாரி கையில் ஒரு குருத்தைப் பிடித்தபடி திகைத்து நின்றார். சற்று முன்புவரை அது ஒரு நரிவால் பாமின் உச்சியில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சிலந்தி வலையைத் துடைக்கத்தான் அவர் தொட்டார். குருத்தோ, வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அதன் அடி பழுப்பேறிக் கொழகொழத்து, புளித்த மாவைப்போல நாறியது.

இலைகள் நரியின் வாலைப்போலச் சடைத்துத் தொங்குவதால் பனை இனத்தைச் சேர்ந்த அந்த அழகுமரத்துக்கு அப்பெயர். டவுனில் செடி வியாபாரம் செய்யும் நஸீம்தான் ஆள் உயரத்துக் கன்றுகள் ஐந்தைக் கொண்டுவந்து வாசலோரம் வரிசையாக நட்டுக் கொடுத்திருந்தார். முழங்கால் வீங்கி, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேற முடியாமற்போன கிருஷ்ணகுமாரிக்கு, அவற்றைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது பெரும் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். செடிகள் கெட்டால் மறுபடியும் மலைக்குத்தான் போக வேண்டும் என்று வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஐயாவு முதல் நாளே எச்சரித்திருந்தார். ஆகவே கிருஷ்ணகுமாரி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல், காலையிலும் மாலையிலும் அவற்றின் உச்சியிலிருந்து தண்ணீர் வார்த்து வந்தார்.

விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் புஷ்பம், எட்டிப் பார்த்து வாயில் கைவைத்தார்.

"என்னாடி இது, தலையப் புடுங்கிட்ட?"

"நான் புடுங்கலடி. அதுவா வந்துருச்சு."

"அதுவா வர்றதுக்கு அது என்னா பாப்பாவோட பால் பல்லா? மொதல்ல நஸீம் நானாவுக்குக் கோல் எடு."

கிருஷ்ணகுமாரி போனை எடுத்து, அண்ணன் முறையில் 'நானா' என்று எல்லாரும் அழைக்கும் நஸீமின் எண்களை அழுத்தினார்.

"தண்ணிய எங்க ஊத்தின தங்கச்சி?" என்று கேட்டார் நஸீம்.

"தலையிலதாங்க நானா."

"யா அல்லாஹ்! அதுதான் அழுகியிருக்கு. அதுக்கு ஈக்கிறதே ஒரு குருத்துதான். அது போனா மரமே மவுத்து."

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா?"

"அப்பிடிச் சொல்லவும் ஏலா. மழைத் தண்ணி வேர்ல தேங்கினாலும் அழுகும். சிலது திரும்பிக் குருத்து விட்டும் ஈக்கி. செரி, பாப்பம். மத்த நாலுக்கும் மண்ணுல மட்டும் ஊத்துங்க. குருத்துல கை வெச்சிராதீங்க."

மரம் செத்துவிட்டதா, பிழைக்குமா? குற்றம் தன்னுடையதா, மழையுடையதா? கேட்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கேட்ட பின்பு அவருக்குக் குழப்பம் அதிகமாகிவிட்டது. அந்நேரம் பார்த்து ஐயாவு படியேறி வந்தார். கிருஷ்ணகுமாரி குருத்தைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டார். ஐயாவுவின் பார்வை நேராக அந்த மொட்டை உச்சிக்குப் போயிற்று. வசவு விழப்போகிறது என்று கிருஷ்ணகுமாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அட, நான் சொல்ல வந்தத நீயே செஞ்சிட்டியே!" என்றார் ஐயாவு.

கிருஷ்ணகுமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"விடுதி மேனேஜர் நேத்துச் சொன்னாரு. இது ஒசந்து வளந்தா வராந்தாவுல ஒக்காந்திருக்கிற வெள்ளக்காரங்களுக்குக் காடு தெரியாதாம். ஒசர விடக் கூடாதாம். மத்த நாலுலயும் இதே மாதிரி கிள்ளிரு."

"கிள்ளினா செத்துரும்னு நஸீம் நானா சொல்றாருங்க, ஐயா."

"தேயில என்னா, விட்டா மரந்தானே? கிள்ளிக் கிள்ளித்தானே இடுப்பளவுல வச்சிருக்கோம்! நுனியக் கிள்ளினா பக்கத்துல துளிர்க்கும். இத நான் ஒனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? அவரு செடி விக்கிறவரு. செத்தா தன் செடி அழுகல்னு சொல்லுவாரா? ஒன் தலையிலதான் கட்டுவாரு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொழுந்தைக் கிள்ளக் கிள்ளச் செடி தழைப்பதைத் தம் கண்ணாலேயே கண்டவர் கிருஷ்ணகுமாரி. ஆனால் நஸீமின் குரலில் இருந்த பதற்றமும் பொய்யாகத் தோன்றவில்லை. கிள்ளிச் செத்தால் மலை. கிள்ளாவிட்டால் சொல் கேளாதவர் என்று அதற்கும் மலை. எதற்கும் பார்ப்போம் என்று இரண்டாவது கன்றின் அருகே போய் அதன் குருத்தைப் பிடித்தார். இலேசாக இழுத்தார். அது அசையவே இல்லை. உள்ளிருந்து யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல் இறுக்கமாக நின்றது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"வரலீங்க ஐயா. உசுரோட நிக்குது."

"அப்ப கத்தியால வெட்டு."

புஷ்பம் சமையலறையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார். கிருஷ்ணகுமாரி அதை வாங்கவில்லை.

"என்னால முடியாதுங்க. நீங்களே வெட்டுங்க, ஐயா. செத்தா ரெண்டு பேருமா மேனேஜர்கிட்ட போவோம்."

தாமா இப்படிப் பேசினோம் என்று அவருக்கே ஐயமாக இருந்தது. ஐயாவு கத்தியை வாங்கிக்கொண்டார். ஒரு கையால் குருத்தை வளைத்துப் பிடித்தார். கத்தியின் வாய் அதன் மேல் பட்டது, பட்டபடியே நின்றது. அவர் குருத்திழந்த முதற்கன்றைப் பார்த்தார், பிறகு மேனேஜரின் அறைச் சன்னலைப் பார்த்தார்.

"தேயிலைக்குன்னா கண்ண மூடிட்டு வெட்டிருவேன்," என்று முணுமுணுத்தார். "இது என்னா சாதியோ."

"அப்ப வெட்டலியா?" என்றார் புஷ்பம்.

"நீ போய்ச் சோத்தப் பாரு!"

கத்தியைப் படியில் வைத்துவிட்டு ஐயாவு கீழே இறங்கினார். கிருஷ்ணகுமாரி தயக்கத்துடன் பின்னாலேயே நடந்தார்.

"ஐயா, நான் நாளைக்கு மலைக்குங்களா, இங்கயுங்களா?"

"இங்கதான் வரணும். நீ இல்லாம இதுக செத்துப்போனா நான் மேனேஜர்கிட்ட யாரப் புடிச்சுக் குடுக்கிறது?"

அவர் தம்மைக் காப்பாற்றினாரா, மாட்டிவிட்டாரா என்பது கிருஷ்ணகுமாரிக்கு விளங்கவில்லை. இருந்தாலும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, ஐயா" என்றார்.