சுருட்டுப்பையின் கடைசி அறை

மூக்கையாவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். அதை அவரே மறுக்கமாட்டார். யுத்த காலத்தில் ராணுவத்தில் குதிரைச் சேணம் தைத்தவர். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓலைச்சார்ப்பு இறக்கிய கடை. செருப்பு அறுந்து வருகிறவனிடம்கூட, "இது செருப்பா? இதத் தச்சவன் கைய ஒடைக்கணும்" என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். ஆனால் கையில் வேலை இருந்தது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அவர் தைத்த சுருட்டுப்பையை வாங்க மதுரையிலிருந்துகூட ஆள் வந்தது. பாய்போல விரித்தால் ஸ்பேனர், திருப்புளி, பிளையர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் நிற்கும். சுருட்டி, வார் போட்டு, சீட்டுக்கு அடியில் கட்டிவிட்டால் வண்டி எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் ஒன்றும் சிந்தாது. அறைகளின் வாயை மூடிக்கொண்டு மேலே ஒரு தோல் மடல் விழும். அந்த மடலைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். "எப்படிய்யா இந்த யோசனை வந்துச்சு?" என்று கேட்டால் மட்டும், ஓயாமல் பேசுகிற மூக்கையா குனிந்து நூலுக்கு மெழுகு தேய்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம், கீழக்கரையிலிருந்து சதக்கத்துல்லா மரைக்காயர் வந்தார். சங்கு வியாபாரி. தனக்கும் தம்பிகள் இருவருக்குமாக மூன்று வண்டி வாங்கியிருந்தார். மூன்று சுருட்டுப்பை வேண்டும் என்று சாமான்களைச் சாக்கோடு இறக்கினார்.

"வண்டிக்கு ஒம்பது சாமான் இருக்கு மூக்கையா. நீ பத்து அறை வையி. கடைசி அறை காலியா இருக்கட்டும். கொழும்புலேர்ந்து ஒண்ணு வரவேண்டியிருக்கு, இன்ஷா அல்லா வந்ததும் சொருகிக்கிருவோம்."

"வச்சுட்டாப் போச்சு மொதலாளி."

மூக்கையாவின் வேலைமுறை இதுதான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை வெட்டித் தைத்ததும், காலையில் தண்ணீரில் நனைப்பார். ஈரத்தோடு சாமான்களை அறைகளில் செருகி, மேலே பலகை வைத்து, பாறாங்கல்லை ஏற்றிவிடுவார். உச்சிப்பொழுதுக்குத் தோல் இறுகியிருக்கும். உள்ளே இருக்கிற பொருளின் வடிவம் அப்படியே வெளியே புடைத்துத் தெரியும். பிறகு எடுத்தாலும் அந்த அச்சு போகாது. எந்த அறை எதற்கு என்று குருடன்கூடத் தடவிச் சொல்லிவிடலாம்.

முதல் பையை, நனைத்த அன்றைக்கே நடுப்பகலில் திறந்தார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கல்லை இறக்கி, பலகையை எடுத்துப் பார்த்தார். ஒன்பது அறைகளிலும் ஒன்பது சாமான்களின் புடைப்பு. பத்தாவதும் புடைத்திருந்தது.

தண்ணீர் கோத்துக்கொண்டிருக்கும் என்று கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கிய தோல், விரலை எடுத்ததும் மறுபடி எழும்பியது. உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் வடிவம் தெரிந்தது: ஆறு பட்டை வைத்த குட்டைக் குழாய், அதன் தலையில் குறுக்கே ஒரு கம்பி, கம்பியின் ஒரு முனை வளைந்து கிடந்தது. என்ஜின் பிளக்கைக் கழற்றுகிற பிளக் ஸ்பேனர். மரைக்காயரின் சாமான்களில் அப்படி வளைந்த கம்பி எதிலும் கிடையாது. மூக்கையாவுக்குத் தெரிந்து அப்படி ஒன்றுதான் உண்டு. அது மூன்று வருஷமாக அவருடைய பெட்டியில், துண்டுத் தோல்களுக்கு அடியில் கிடக்கிறது.

அது அருளானந்தத்தின் ஸ்பேனர். மண்டபத்துக்காரன், மீன் கம்பெனி ஏஜெண்ட். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தான். மூக்கையா வாழ்க்கையில் தைத்த முதல் சுருட்டுப்பை அவனுக்குத்தான். உப்புக்காற்றிலும் மட்டமான பெட்ரோலிலும் அந்த வண்டிக்கு அடிக்கடி பிளக்கில் கரி ஏறி என்ஜின் நின்றுவிடும்; கழற்றித் துடைத்தால்தான் ஓடும். அதனால் அவசரத்துக்குக் கையில் படட்டும் என்று பிளக் ஸ்பேனரைச் சுருளின் வெளி ஓரத்து அறையில் வைத்தார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். பட்டாளத்துப் பைகளில் இருக்கிற மடலை மட்டும் வைக்கவில்லை. "அது தோலுக்குப் பிடிச்ச கேடு. சுருட்டிக் கட்டுனா எங்கன விழப்போகுது?" என்றார்.

விழுந்தது. இரண்டு நாள் கழித்து அருளானந்தம் வேலையாக இராமநாதபுரம் வந்து, கடை வாசலில் நின்று, "பை பிரமாதம்ணே" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினான். அவன் போன கொஞ்ச நேரத்தில் கடையை ஒட்டிய ரோட்டு வளைவில் ஏதோ மின்னுவதைப் பார்த்து மூக்கையா போய் எடுத்தார். காலை பதினொரு மணி இருக்கும். கடையில் சைக்கிள் இருந்தது. மண்டபம் பஸ் புறப்பட அரைமணி நேரம் இருந்தது. டிரைவரிடம் கொடுத்தால் வழியிலேயே கிடைத்திருக்கும். ஆனால் கொடுத்துவிட்டால், மூக்கையா தைத்த பை ரெண்டே நாளில் சாமானைச் சிந்திவிட்டது என்று பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். அடுத்த தடவை வரும்போது ரகசியமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டார்.

அருளானந்தம் திரும்பி வரவே இல்லை. உச்சிப்புளி தாண்டி மணல் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. அந்தக் கனத்த இரும்பை அக்கினி வெயிலில் ஒரு மைல் தள்ளியிருக்கிறான். தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்தும் மண்டபம் பஸ் நிற்காமல் போயிருக்கிறது; வெயில் தாக்கிப் பனையடியில் செத்துக் கிடந்தவனைச் சாயங்காலம்தான் பார்த்தார்கள். வண்டியின் பக்கத்தில் பை விரித்துக் கிடந்தது. சாமான்கள் எல்லாம் மணலில் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கொதிக்கிற பிளக்கை வெறும் விரலால் திருகிப் பார்த்திருக்கிறான் போல. வலது கை விரல் நுனிகள் வெந்து வழவழவென்று ஆகியிருந்தன.

துக்கத்துக்குப் போன மூக்கையா அந்தக் கையைப் பார்த்தார். அதைவிட மோசமான ஒன்றைக் காதால் கேட்டார். அருளானந்தத்தின் மனைவி ஜோதிமேரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்: "காலையில கருப்பட்டி ஒடைக்க நான்தான அந்த ஸ்பேனர எடுத்தேன்! திருப்பி வச்சேனா, வைக்கலையா தெரியலையே மாதாவே!" கூடியிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மூக்கையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், வாயில் மண் அள்ளிப் போட்டவர் மாதிரி நின்றுவிட்டு ரயிலேறி வந்தார். அதற்குப் பிறகு தைத்த எல்லாப் பைகளிலும் மடல் வைத்தார்.

முதல் பையைத் திறந்த அன்று பிற்பகலே அதைப் பார்க்க மரைக்காயர் வந்துவிட்டார். காலி அறைக்குள் விரலை விட்டவர் வெடுக்கென்று உருவினார்.

"என்னப்பா இது, அடுப்புலயா காய வச்ச? சுடுதே!"

மூக்கையா தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. மரைக்காயர் விரலை ஊதிக்கொண்டே, "சரி சரி, மூணையும் முடிச்சு மொத்தமாக் குடு" என்று போய்விட்டார். அவர் விரல் நுனி சிவந்திருந்ததை மூக்கையா கவனித்தார்.

இரண்டாவது பைக்கு வேறு தோல் எடுத்தார். வேறு தொட்டியில் நனைத்தார். கல்லை ஏற்றிவிட்டு இடத்தை விட்டு நகராமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஈ எறும்பு அண்டவில்லை. பகல் பன்னிரண்டுக்குப் பலகையை எடுத்தார். காலி அறையில் அதே ஸ்பேனர். இந்தத் தடவை அதை ஒரு கை பிடித்திருந்தது. நான்கு விரல் கணுக்களும் தோலுக்குள்ளிருந்து வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் கணு மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டார். பொண்டாட்டி ராக்கு, "என்னய்யா, மூஞ்சி பேயறஞ்சாப்புல இருக்கு?" என்று கேட்டதற்கு வெயில் என்றார்.

மூன்றாவது பையில் காலி அறையே தைக்கவில்லை. மரைக்காயர் கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்பது அறை, ஒன்பது சாமான்; இனி எங்கே வந்து புடைக்கும் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. மறுநாள் உச்சிப்பொழுதில் கல்லை இறக்கினார். அறைகள் ஒன்பதும் ஒழுங்காக இருந்தன. பெருமூச்சு விட்டுக்கொண்டே பலகையை முழுக்க விலக்கினார்.

மடலில் இருந்தது. உள்ளும் புறமும் வெறுமையான ஒற்றைத் தோலில், விரித்த உள்ளங்கை ஒன்று மேல்நோக்கி எழும்பியிருந்தது. ஆயுள் ரேகை, புத்தி ரேகை எல்லாம் சோதிடன் காட்டுகிற படம்போலத் துல்லியமாக இருந்தன. விரல் நுனிகளில் மட்டும் ஒரு ரேகையும் இல்லை, வழவழவென்று இருந்தன. அந்தக் கையில் ஸ்பேனர் இல்லை. கொடு என்று கேட்டு நீட்டிய கை அது.

மூக்கையா கும்பிட்டார். "கொண்டு போறேன் அப்பு. இந்தா, கொண்டு போறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். பெட்டியைக் கவிழ்த்து ஸ்பேனரை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மண்டபத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வழி கேட்டபோது, "யாரு, குழிவீட்டு ஜோதிமேரியா?" என்றார்கள். அந்தப் பேருக்கு அர்த்தம் வாசலில் நின்றபோதுதான் அவருக்குப் புரிந்தது. முற்றம் முழுக்கக் குழி. முழங்கால் ஆழத்துக்கு ஒன்று, இடுப்பளவுக்கு ஒன்று. அடுப்படித் தரையும் பெயர்க்கப்பட்டிருந்தது. நடுவில், கொளுத்துகிற பிற்பகல் வெயிலில், ஜோதிமேரி குந்தி உட்கார்ந்து சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி, தலை பாதி நரைத்திருந்தது. சலித்த மணலை ஒரு பக்கம் கொட்டிவிட்டு அடுத்த கூடையைக் கவிழ்த்தாள்.

"யாருண்ணே?" என்று கேட்டவள் அடையாளம் கண்டு, "பை தச்ச அண்ணனா, வாங்க" என்றாள். "காலு பாத்து வைங்க. வீட்டுக்குள்ளதான் எங்கயோ கெடக்கு. எல்லாப் பக்கமும் பாத்தாச்சு. கெணத்தடி மட்டுந்தான் பாக்கி."

மூக்கையா குழிகளைச் சுற்றி அவள் பக்கத்தில் போனார். மணலிலேயே உட்கார்ந்து, மடியை அவிழ்த்து, ஸ்பேனரை அவள் சல்லடைக்குள் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"எங்கன கெடந்துச்சு?"

"எங் கடை வளைவுல தாயி. அவரு புறப்பட்டுப் போனதும் பைலேர்ந்து விழுந்துருச்சு. மடல் வைக்காம விட்டேன், அந்தத் தப்பு என்னோடது. நான்தான் எடுத்தேன்."

"எப்ப?"

"அன்னைக்கே. பதினொரு மணிக்கு."

"பஸ்ஸு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"பெறகு ஏன் குடுத்து விடல?"

மூன்று வருஷமாக மனசுக்குள் எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார். "வெக்கமா இருந்துச்சு தாயி. சிரிப்பாங்கன்னு வெக்கம்."

அவள் திட்டுவாள், காறித் துப்புவாள், கையில் இருக்கிறதை எடுத்து அடிப்பாள் என்று காத்திருந்தார். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். ஜோதிமேரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப, நான் வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, தன் காதால் கேட்டது சரிதானா என்று யோசிக்கிறவள்போல இருந்தாள். மறுபடி சொன்னாள். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழிகளைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் விழுந்து எழுந்து தெருவுக்கு ஓடினாள். "நான் வச்சுட்டேன்! மீனம்மாக்கா, நான் வச்சுட்டேன்! கருப்பட்டி ஒடச்சுட்டுப் பையில திருப்பி வச்சுட்டேன்!" ஒவ்வொரு வாசலாக நின்று, ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினாள். கதவுகள் திறந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மூன்று வருஷமாக அவளைப் பார்த்து முணுமுணுத்த தெரு அது. ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"சரிடி, நீ வச்சுட்ட. அப்ப எடுத்து வச்சிருந்தது யாரு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

ஜோதிமேரி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அந்தக் கேள்வி அவள் காதில் விழவே இல்லை. விழுந்திருந்தாலும் அவளுக்கு அது தேவைப்படவில்லை. பின்பக்கமாகப் போனால் ஸ்டேஷனுக்குப் பாதை இருந்தது. மூக்கையா அதைப் பார்த்தார். பிறகு குழிகளைத் தாண்டி, வேட்டியில் ஒட்டிய மண்ணோடு, அத்தனை பேர் கூடியிருந்த தெருவுக்கு வந்து நின்றார்.

"நான்தான்" என்றார்.

முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார்.