ஐந்தாம் அங்கத்தில் அவள் ஏன் பேசவில்லை?

ஐந்து அங்கங்கள் கொண்ட ஒரு மாபெரும் துயர நாடகத்தின் விலை நாற்பது ரூபாய். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் முப்பத்தைந்து. கூடவே இரண்டு நாவல்களின் விளக்கவுரையையும் சேர்த்து எடுத்தால் மூன்றும் நூறு ரூபாய், ஒரு பேனா இனாம். உலகத்துக் கண்ணீரை இவ்வளவு மலிவாக போர்ட் பிளேரில் வேறெந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பது கடைக்காரர் ஜம்புலிங்கத்தின் கட்சி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குட்வில் எஸ்டேட் வீட்டில், இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் புது விளக்கவுரையின் அட்டை மாதிரியை விரித்து, சட்னி படாமல் இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்திருந்தார். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் உள்ள அச்சகத்திலிருந்து முந்தின நாள் கப்பலில் வந்தது. அட்டையில் ஊதா வானம், உடைந்த கப்பல், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அடியில் தங்க நிற எழுத்தில் ‘பேராசிரியர் ஜம்புலிங்கம்’.

ஜம்புலிங்கம் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் தோற்றவர். பேராசிரியர் பட்டம் முதல் புத்தகத்திலேயே ஒட்டிக்கொண்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவரும் கழற்றவில்லை.

புத்தகத்தை எழுதியவள் எதிரே நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். வைஜெயந்தி, அவருடைய தம்பி முத்துகிருஷ்ணனின் மனைவி.

"அத்தான், இந்தத் தடவ எம் பேரப் போடுறேன்னீங்க."

"போடுறேன்னு எப்பச் சொன்னேன்? பாக்கலாம்னேன்."

"சிவப்பிரகாசம் சார் காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர் வேலைக்கு ஜூன்ல இன்டர்வியூ. சொந்தப் பேருல ஒரு புத்தகமாவது இருக்கணும்னு ரூல்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாலு வருஷமாக அந்தக் குரல் அப்படித்தான். கார் நிகோபாரில் ஓவர்சீயராக இருந்த முத்துகிருஷ்ணனை சுனாமி அலை கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை, அவள் தபால் வழி எம்.ஏ. பரீட்சைக்காக இங்கே வந்து இதே மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. சாத்தம் படகுத்துறைக்கு அப்பால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து எரித்துவிட்டு வந்தார்கள். உடல் கிடைக்காதவனை ஆபீஸ்காரர்கள் இறந்தவன் என்று எழுதிக்கொடுக்க மாதக்கணக்காயிற்று. வீட்டார் பதினாறாம் நாளே அவளை விதவை என்று எழுதிவிட்டார்கள். அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. மறுவாரம் பரீட்சை எழுதப் போனாள். நிவாரணப் பணத்தில் ஜம்புலிங்கத்தின் கடைக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் மூன்று புத்தகம் எழுதினாள். இது நான்காவது.

ஜம்புலிங்கம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சரக்கு பேசுகிறவரின் நிதானத்தோடு ஆரம்பித்தார்.

"இந்தா பாரும்மா. ஒம் பேரப் போடுறதுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா பரீட்சைக்குப் போற புள்ள காலங்காத்தால மொத மொத முழிக்கிறது அந்த அட்டையிலதான். அதுல, புருஷனக் கடல்ல குடுத்தவ பேரு இருந்தா எந்த ஆத்தாக்காரி வாங்க விடுவா? இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மெயின்லேண்டா இது?"

"முழுப் பேரு வேணாம். வி. முத்துகிருஷ்ணன்னு போடுங்க."

"செத்தவன் பேரயா? நல்லாருக்கு!"

"வெறும் வி.எம்."

"அட்டையிலயா? சலேகா நஹி, அது நடக்காது. இப்பிடிச் செய்வோம், உள்ள ரெண்டாம் பக்கம், கீழ, பொடி எழுத்துல ‘உதவி: வி.எம்.’ உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். டீக் ஹை?"

முழுப் பெயரில் தொடங்கிய பேரம் இரண்டு பொடி எழுத்தில் படியப்போகிற நேரத்தில், சமையலறை வாசலில் நின்ற ஜெயலட்சுமி வாயைத் திறந்தாள். அவள் ஜம்புலிங்கத்தின் மனைவி. கப்பலில் புத்தகக் கட்டு வந்தால் மஞ்சள் குங்குமம் வைத்து முதல் கட்டைப் பிரிப்பது அவள்தான். அந்த அரைமணி நேரம் வைஜெயந்தி கடையின் பின்னறைக்குப் போய்விட வேண்டும். யாரும் சொல்லவேண்டியதில்லை, கற்பூர டப்பாவின் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவாள்.

"உள்ள இருந்தாலும் அதே பேருதானங்க? நான் பொட்டு வச்சுப் பிரிக்கிற புத்தகத்துல வேணாம். வைஜெயந்தி, நீ தப்பா எடுத்துக்காத. நமக்கும் புள்ள இருக்கு."

"கேட்டியா?" என்றார் ஜம்புலிங்கம், எடைபோட்டு முடித்த தராசைக் கீழே வைக்கிறவர்போல.

வைஜெயந்தி சாம்பார் வாளியை மூடி வைத்தாள். அவமானமாக இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஊசி போட்ட பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

புது விளக்கவுரைக்குரிய அந்த நாடகம், ‘நாவலும் நாடகமும்’ என்ற பரீட்சைத் தாளில் பாடமாக இருந்தது. பழைய காலத்து வணிகன் ஒருவனின் மருமகள் கதை. அவள் கணவனின் கப்பல் திரும்பவில்லை. ஊர் கூடி அவளைக் கோயில் விளக்கை ஏற்றக் கூடாது என்கிறது. நாலு அங்கம் வரைக்கும் வாதாடுகிறவள் ஐந்தாம் அங்கத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஏன் என்பதுதான் வருஷா வருஷம் வருகிற பத்து மதிப்பெண் கேள்வி. துக்கத்தால் என்றார்கள் பழைய உரைகாரர்கள். கற்பின் அடக்கம் என்று ஒருவர். ஆசிரியருக்குத் தாள் தீர்ந்துவிட்டது என்று ஜம்புலிங்கம்.

வைஜெயந்தி எழுதியிருந்தாள்: ‘ஐந்தாம் அங்கத்தில் எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே அவள் பேசவில்லை.’

பாட்டுப் படிப்பதுபோல மனப்பாடம் செய்வார்கள் இந்தத் தீவுப் பிள்ளைகள். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஹிந்தி, பரீட்சையில் மட்டும் இலக்கணத் தமிழ் என்றால் வேறு வழியில்லை. விளக்கவுரையில் என்ன இருக்கிறதோ, முற்றுப்புள்ளி உட்பட, விடைத்தாளில் அது வரும். இரண்டு வருஷம் முன்பு ஜம்புலிங்கம் ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் ஒரு வரி விளம்பரம் சேர்க்கச் சொன்னார்: ‘ஜெராக்ஸ், லேமினேஷன், பரீட்சை அட்டை நம்மிடம் மலிவாகக் கிடைக்கும்.’ அந்த வருஷம் பதினோரு பேர் கதாநாயகனின் குணநலன்களை எழுதி முடித்து, அவை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதையும் எழுதியிருந்தார்கள். விடைத்தாள் திருத்திய சிவப்பிரகாசம் சார் வந்து சண்டை போட்டார். ஜம்புலிங்கம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "அஞ்சு பைசா செலவில்லாம காலேஜ் பேப்பர்ல விளம்பரம்! எவனுக்குக் கிடைக்கும்?"

இன்னொன்றும் வைஜெயந்திக்குத் தெரியும். ஜம்புலிங்கம் அட்டையைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், கடைசிப் பக்க விளம்பரத்தைப் பார்ப்பார். நடுவில் இருப்பதை இதுவரை ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை.

திங்கட்கிழமை கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து, பத்து மதிப்பெண் விடையின் முடிவில் இரண்டு வாக்கியம் சேர்த்தாள். எழுத்துப் பிழை பார்த்தாள். சிடியில் ஏற்றி உறையில் போட்டாள். ஜம்புலிங்கமே ஒட்டி, தன் கையால் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

பிப்ரவரியில் கட்டு வந்தது. கற்பூர டப்பா சத்தம் கேட்டது. வைஜெயந்தி எழுந்து பின்னறைக்குப் போனாள். ஜெயலட்சுமி பொட்டு வைத்து, கயிற்றை அறுத்து, முதல் பிரதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் நாற்பத்தேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கடையிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் சிவப்பிரகாசம் சார் வந்தார். கல்லூரித் தேர்வின் விடைத்தாள் கட்டை அக்குளில் இடுக்கியிருந்தார். நடந்து வந்த வேர்வை, முகத்தில் சிரிப்பா கோபமா என்று பிடிபடாத ஒன்று.

"வாங்க சார், சாய் சொல்லவா?" என்றார் ஜம்புலிங்கம்.

"சாய் இருக்கட்டும் பேராசிரியரே. ஐந்தாம் அங்கத்துல அவ ஏன் பேசல?"

ஜம்புலிங்கம் சிரித்து மழுப்பினார். "அது... சோகம் சார். பெரிய சோகம்."

"உங்க புத்தகத்துல அப்பிடி இல்லையே!" சார் கட்டைப் பிரித்து மேல் தாளை எடுத்து உரக்க வாசித்தார். "‘அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே அவள் பேசவில்லை. இந்த விளக்கத்தை எழுதியவர் வைஜெயந்தி. கணவனைக் கடல் கொண்டதால் இவர் பெயரை அட்டையில் போடுவதில்லை.’" அடுத்த தாள். "‘இந்த விளக்கத்தை எழுதியவர் வைஜெயந்தி.’" அதற்கடுத்தது. "‘கணவனைக் கடல் கொண்டதால்...’ இந்தப் பொண்ணு அடிக்கோடு வேற போட்டிருக்கு. நாப்பத்திரெண்டு பேர் சார். ஒரு கிளாஸ் முழுக்க."

லேமினேஷனுக்கு வந்து நின்ற ஒரு பெங்காலி அம்மாள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஜம்புலிங்கம் மெஷின் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி! பரீட்சை பேப்பர்லயா ஒம் பேர எழுத வச்ச? எத்தன புள்ளைங்க சார் ஃபெயிலு?"

"ஒருத்தருமில்ல."

"என்னது?"

"நாப்பத்திரெண்டும் பாஸ். போன வருஷம் உங்க பேரு மட்டும் இருந்தப்ப ஒம்பது பேர் போச்சு."

சார் ஜெராக்ஸ் மெஷினைச் சுற்றி எட்டிப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"நீங்கதானம்மா எழுதினது? நாலு புத்தகமும்?"

நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "ஆமா சார்" என்றாள் வைஜெயந்தி. சொன்னபிறகும் உள்ளே எதுவும் அசையவில்லை. கை மட்டும் மெஷினின் மூடியை இறுகப் பிடித்திருந்தது. அது சூடாக இருக்கிறது என்பது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இன்டர்வியூ கமிட்டி விடைத்தாளச் சாட்சியா எடுத்துக்காது. அட்டையத்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டுச் சார் கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார்.

ஜம்புலிங்கத்தின் உதடு எதையோ முணுமுணுத்தது. திட்டப்போகிறார் என்றுதான் வைஜெயந்தி நினைத்தாள். ஆனால் வியாபாரியின் கோபம் கணக்கு முடியும் வரைக்கும்தான்.

"நாப்பத்திரெண்டுக்கு நாப்பத்திரெண்டு..." முகம் மெல்ல மலர்ந்தது. "ஏம்மா, அடுத்த எடிஷன் அட்டையில ‘நூத்துக்கு நூறு தேர்ச்சி’ன்னு செவப்பு எழுத்துல போட்டா? எம் பேருக்கு மேல, பட்டையா. பத்து ரூபா ஏத்தலாம். அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துரு. நாவல் உரை முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சு அத்தான்."

"சிடி எங்க?"

அவள் மேஜைக்கடியிலிருந்து, அந்த சிடி இருந்த தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பழைய அட்டை மாதிரி, அந்த ஊதா வானமும் முதுகு காட்டும் பெண்ணும், மெஷின் மேல் கிடந்தது. அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் நிதானமாக நாலு வரி எழுதினாள். கல்லாப்பெட்டிமேல் அவருக்கு நேராக வைத்தாள். வெயில் ஏறியிருந்த தெருவில் இறங்கி, கல்லூரிப் பக்கம் நடந்தாள்.

ஜம்புலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் எழுதியதில் அவர் முதன்முறையாக வாசித்தது அதைத்தான்:

அட்டையில் என் பெயர் — 0
விடைத்தாளில் என் பெயர் — 42
அதனால் தோற்றவர் — 0
பாக்கி — அட்டை 1